ஆடும் காலுக்கு யார் படியளப்பது?

"எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை ஒன்று பாக்கி இருக்கிற வரையில், கால் கட்டை விரலில் நின்று சுழலுகிறவர்களுக்கு ஊர்ப் பணத்திலிருந்து ஒரு காசு கொடுக்கக் கூடாது, ஸார்!" என்றார் நமது பள்ளிக்கூடத்துக் கணக்காசிரியர்.

பிற்பகல் இடைவேளையில் ஆசிரியர் அறையில் நடந்த தர்க்கம் இது. மேல்நாடுகளில் தேசியப் பெயர் தாங்கிய பாலே நாட்டியக் குழுக்கள், அடுத்த வருஷத்துச் சர்க்கார் மான்யம் வருமோ வராதோ என்று தவிப்பதைப் பற்றி யாரோ பேச்செடுத்தார்கள். நண்பர் மேற்படி தீர்ப்பை வழங்கிவிட்டு, விடைத்தாள் திருத்துவதில் மீண்டும் ஆழ்ந்துவிட்டார். கணக்காசிரியர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்பது பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் நாம் விடவில்லை. "தாங்கள் சொன்னதையே தங்களைக் காட்டிலும் பெரிய மனிதர் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார்" என்றோம். "யார் அது?" என்று தலை நிமிர்ந்தார். "லெனின்" என்றோம். மணி அடித்துவிட்டது. அவரிடம் அன்று சொல்ல முடியாமற் போன கதையை நேயர்களிடம் சொல்லுகிறோம்.

பாலே என்பது ஒருவர் ஆடும் ஆட்டமன்று. நம் நாட்டில் நட்டுவனாரும், ஒரு பாடகரும், மிருதங்கமும், பிடிலோ குழலோ ஒன்றும் சேர்ந்துவிட்டால் கச்சேரியை ஆரம்பித்துவிடலாம். பாலேக்கு ஒரு சிற்றூரே வேண்டியிருக்கிறது. டஜன் கணக்கில் ஆடுகிறவர்கள், பெரியதொரு வாத்திய கோஷ்டி, திரை எழுதுகிறவர்கள், உடை தைக்கிறவர்கள், விளக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் வேண்டும். விரல் நுனியில் நிற்பதற்கென்று செய்யும் அந்த மெல்லிய பாதரட்சை ஒரே இரவு ஆட்டத்தில் பிய்ந்து போவதுண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடுகிறவர்களை ஒன்பது பத்து வயதில் பிடித்து, எட்டொன்பது வருஷம் நாள் தவறாமல் பழக்க வேண்டும். டிக்கெட்டு விற்ற பணத்தை மட்டும் நம்பி இத்தனையும் நடத்தி, நெடுங்காலம் தாக்குப் பிடித்தவர்கள் மிகச் சிலர்.

ருஷ்யாவில் இந்தச் செலவைச் சக்கரவர்த்திகள் ஏற்றுக்கொண்டார்கள். 1738ஆம் வருஷத்தில் பீட்டர்ஸ்பர்க் நகரில் நாட்டியப் பள்ளி தொடங்கியது முதல், குழந்தைகளுக்குச் சோறும் துணியும் பாடமும் அரண்மனைச் செலவு. வளர்ந்தபின் அரண்மனை நாடகசாலையில் உத்தியோகம். கால் தளர்ந்தபின் பென்ஷன். இந்தச் சலுகையில் விளைந்ததுதான் 1890இல் அரங்கேறிய 'உறங்கும் அழகி' என்னும் பிரசித்தி பெற்ற பாலே. குடியானவன் வரிப்பணத்தில் பிரபுக்கள் கண்டு களித்த ஆட்டம் என்று யாராவது சொன்னால் அதை நாம் மறுக்கப் போவதில்லை.

1917இல் சக்கரவர்த்தி போனார். அவரோடு படியளக்கும் கையும் போயிற்று. அதற்குப் பின் வந்த நாலைந்து குளிர்காலங்களைப் பற்றி அக்காலத்தவர் எழுதி வைத்திருப்பதைப் படித்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது. விறகில்லை, ரொட்டியில்லை. சபையோர் கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்க, மேடையில் மெல்லிய உடையில் ஆடுகிறவர்களின் மூச்சு புகைபோல் கிளம்பும். ஃபோகின், கர்சாவினா முதலிய பெரிய கலைஞர்கள் 1918இலேயே தேசத்தை விட்டுப் புறப்பட்டார்கள். புறப்படாதவர்களில் ஒரு தம்பதியர், இரவில் சினிமாக் கொட்டகைகளில் படம் தொடங்குமுன் ஆடிக் கொஞ்சம் சம்பாதித்தார்கள். வீட்டில் விட்டுவர ஆளில்லாமையால் சிறு பெண்ணையும் உடன் அழைத்துக்கொண்டு பனியில் நடந்து போவார்களாம். அந்தப் பெண்ணின் பெயர் கலீனா உலானோவா. அவளை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும், மறுபடியும் வருவாள்.

1921இல் வால்கா நதிப் பிரதேசத்தில் பஞ்சம் வந்தது. அதில் மாண்டவர்கள் சுமார் 50 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். அதே வருஷத்தில் லெனின் புதிய பொருளாதாரக் கொள்கையை வகுத்து, தொழிற்சாலைகளைத் தம் வரவுக்குள் செலவு செய்யும்படி உத்தரவிட்டார். நாடகசாலைகள் மட்டும் விதிவிலக்காக முடியுமா? ஆகஸ்டு மாதத்தில் கல்வி மந்திரி லூனசார்ஸ்கி நாடகசாலைகளின் நிலைமையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, லெனினிடமிருந்து டெலிபோன் மூலம் பதில் வந்தது. தமக்கு உடம்பு சரியில்லை. நாடகசாலைகளையெல்லாம் சவப்பெட்டியில் வைத்துவிடலாம். கல்வி மந்திரிக்கு எழுத்தறிவு புகட்டுவதுதான் வேலையே தவிர நாடகமல்ல என்பது அதன் சாரம்.

மந்திரி சும்மாயிருக்கவில்லை. மாஸ்கோவிலுள்ள பால்ஷாய் நாடகசாலையின் இசை நாடகத்தையும் பாலேயையும் காப்பாற்ற வேண்டும் என்று மந்திரி சபையில் தீர்மானமே நிறைவேற்றிவிட்டார். செய்தி எட்டியதும் 1922 ஜனவரி 12ஆம் தேதி லெனின் ஒரு குறிப்பு எழுதினார். அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும். இரண்டு தலைநகரங்களுக்குமாகச் சில டஜன் கலைஞர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவர்கள் தம் செலவைத் தாமே சம்பாதிக்கும்படி செய்ய வேண்டும். மிச்சமாகும் பணத்தில் பாதிக்குக் குறையாமல் எழுத்தறிவுக்கும் வாசகசாலைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

உண்மையை ஒப்புக்கொள்ளுகிறோம். முதன்முதலில் இதைப் படித்தபோது நமக்குக் கைகொட்டத் தோன்றிற்று. 1897ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி ருஷ்ய சாம்ராஜ்யத்தில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேர்தான். எட்டு வயது முதல் ஐம்பது வயது வரை எல்லோரும் எழுதப் படிக்கக் கற்றே தீரவேண்டும் என்று 1919 டிசம்பரில் சட்டம் போட்டாயிற்று. ஆனால் சிலேட்டு எங்கே, புஸ்தகம் எங்கே, வாத்தியாருக்குச் சம்பளம் எங்கே? இருபது வருஷமாகச் சாக்குக் கட்டி பிடித்துவரும் நம் போன்றவர்களுக்கு இந்த நிலைமை விளங்காமற் போகாது. வாசகசாலையா, நாட்டியசாலையா என்று கேட்டு வாசகசாலையைச் சுட்டிக்காட்டிய மனிதரை நாம் எப்படி வெறுப்பது? கணக்காசிரியர் கட்சி அத்தனை லேசானதன்று.

இதில் விசேஷம் என்னவென்றால், லூனசார்ஸ்கியின் இலாகாவில்தான் இரண்டும் இருந்தன. எழுத்தறிவு இயக்கமும் அவருடையது, நாடகசாலையும் அவருடையது. ஒரு பிள்ளைக்கு எதிராக மற்றொரு பிள்ளைக்காக வாதாடும் தகப்பன் நிலை. அவர் அழகைப் பற்றியும் ஆத்மாவைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. பேசியிருந்தால் பஞ்ச காலத்தில் யார் கேட்டிருப்பார்கள்? மூடினால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும் என்ற கணக்கை எடுத்துக்கொண்டார். வெற்றுக் கட்டிடத்துக்கும் காவல் வேண்டும். வேலையிழந்தவர்களும் அவர்கள் குடும்பங்களும் எங்கே போவார்கள்? இரண்டு மாதம் காகிதங்கள் மேலும் கீழும் நடந்தன. மூடுவது பொருளாதார ரீதியில் லாபமில்லை என்ற முடிவுக்கு மத்திய நிர்வாக சபை வந்தது. மார்ச்சு மாதத்தில் கட்சித் தலைமையும் இணங்கிற்று. அத்துடன் தீரவில்லை. அதே வருஷம் இலையுதிர் காலத்தில் மூடுகிற பேச்சு மறுபடியும் எழுந்து, மறுபடியும் அடங்கிற்று. மான்யம் குறைந்தது, உயிர் தங்கிற்று.

இப்போது உலானோவாவிடம் வருவோம். அவள் பெட்ரோகிராட் நாட்டியப் பள்ளியில் சேர்ந்தது 1919இல். தேறி வெளிவந்தது 1928இல். ஆக, தலைநகரத்தில் காகிதங்கள் நடந்துகொண்டிருந்த அந்த வருஷத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. படிப்பு மூன்று வருஷம் முடிந்து ஆறு வருஷம் பாக்கி. அவளுக்கு முந்தியவள் மரீனா செம்யோனோவா 1925இல் தேறினாள். இருவருக்கும் பாடம் சொன்ன அக்ரிப்பீனா வகனோவா, மேடையை விட்டு விலகிய பிறகு 1921இல்தான் அந்தப் பள்ளியில் உபாத்தியாயினியாக அமர்ந்தாள். அவள் தன் முறையைப் புஸ்தகமாக எழுதியது 1934இல். இன்று உலகத்தில் பாலே கற்பிக்கும் இடங்களில் அந்தப் பெயர் தெரியாத இடம் இராது. 1922இல் அந்தப் பள்ளியும் மேடையும் மூடப்பட்டிருந்தால், இதெல்லாம் விதைக்குள்ளேயே போயிருக்கும். மூன்று வருஷம் கழித்துக் கஜானா நிரம்பியபின் திரும்பத் திறந்திருக்கலாமே என்று கேட்கக்கூடும். கட்டிடத்தைத் திறக்கலாம், திரைச்சீலையை வாங்கலாம். பன்னிரண்டு வயதில் விட்ட பயிற்சியைப் பதினைந்து வயதில் வாங்க எந்தக் கடையிலும் முடியாது.

நமக்கு இது படித்து மட்டும் தெரிந்ததன்று. முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் ஒருவர் இருந்தார். பகுதிநேர உத்தியோகம், வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் நியமன உத்தரவு புதிதாக வரவேண்டும். பதினொரு பெண்கள் ஸரளி வரிசையில் தொடங்கி, கீதங்களைத் தாண்டி ஸ்வரஜதிக்கு வந்திருந்தார்கள். ஒரு வருஷம் ஜூனில் உத்தரவு வரவில்லை. இல்லையென்றும் யாரும் சொல்லவில்லை. வரும் வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் உத்தரவு வந்தபோது டீச்சர் வேறு ஊரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் புதிதாக ஒருவர் வந்து ஸரளி வரிசையிலிருந்து ஆரம்பித்தபோது, அந்தப் பதினொரு பேரில் இருவர்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த உத்தியோகத்துக்கான பணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

ருஷ்யாவிலும் அப்படிச் சிதறியவர்கள் உண்டு. 1921இல் அதே பள்ளியில் தேறிய ஜார்ஜ் பாலன்சின் என்னும் வாலிபர் 1924இல் சிறு குழுவோடு ஜெர்மனிக்குச் சுற்றுப்பிரயாணம் போனார். குடியிருக்கத் திரும்பி வரவில்லை. பத்து வருஷத்துக்குப் பின் நியூயார்க்கில் நாட்டியப் பள்ளி ஏற்படுத்தி, 1948இல் அந்நகரத்தின் பெயரால் ஒரு பெரிய பாலே குழுவையும் ஸ்தாபித்தார். ருஷ்யா சோறு போட்டு வளர்த்தது. அமெரிக்கா அறுவடை செய்தது.

சர்க்கார்தான் சஞ்சல புத்தியுள்ளது. பணக்காரர்களையும் டிக்கெட்டு வாங்குகிறவர்களையும் நம்பியிருக்கலாமே என்றால், அதற்கும் அதே குளிர்காலத்தில் ஒரு பரீட்சை நடந்தது. ருஷ்யாவை விட்டு வெளியே குழு நடத்தி வந்த டியாகிலெவ், 1921 நவம்பரில் லண்டன் அல்ஹாம்ப்ரா நாடகசாலையில் அந்த 'உறங்கும் அழகி'யையே 'உறங்கும் இளவரசி' என்ற பெயரில் மேடையேற்றினார். ராஜா வீட்டுக் கல்யாணம் போல் செலவு. முன்பணம் கொடுத்தவர் நாடகசாலைச் சொந்தக்காரர் ஸர் ஆஸ்வால்டு ஸ்டோல். நூறு இரவுக்கு மேல் ஆடியும் போட்ட பணம் வரவில்லை. மாஸ்கோவில் லெனினுடைய குறிப்பு எழுதி நாலு வாரங்கூட ஆகியிராது. 1922 பிப்ரவரி ஆரம்பத்தில் லண்டனில் ஆட்டம் நின்றது. திரைகளையும் உடைகளையும் கடனுக்கு ஈடாக ஸ்டோல் பிடித்து வைத்துக்கொண்டார். அங்கே சர்க்கார் கைவிடப் பார்த்தது. இங்கே சந்தை கைவிட்டேவிட்டது.

அந்த அல்ஹாம்ப்ராவில் பாதி காலியாயிருந்த ஆசனங்களுக்கு நடுவே, மேடையில் ஆடிய ஒரு பெண்ணைப் பார்ப்பதற்காகவே இரவுதோறும் வந்து உட்கார்ந்திருந்தார் ஓர் ஆங்கிலேயர். பெண், பீட்டர்ஸ்பர்க் பள்ளியில் பயின்ற லிடியா லோபகோவா. ஆள், பொருளாதார நிபுணர் ஜான் மேனார்டு கெயின்ஸ். 1925இல் விவாகம் நடந்தது. யுத்த காலத்தில், கலைகளுக்குப் பொதுப்பணம் வழங்க இங்கிலாந்தில் 1940இல் அமைத்த கௌன்சிலுக்கு 1942இல் அவரே தலைவரானார். அதுவே பின்னர் ஆர்ட்ஸ் கௌன்சில் ஆயிற்று. யுத்தத்தின்போது ஜோடி ஜோடியாக ஆடும் பொது டான்ஸ் மண்டபமாயிருந்த கோவண்ட் கார்டன் நாடகசாலையை மீட்டு, 1946 பிப்ரவரி 20ஆம் தேதி திறந்தார்கள். முதல் இரவு என்ன ஆட்டம் தெரியுமா? அதே 'உறங்கும் அழகி'தான். இடையில் 1939இல் லண்டனில் சிறிய மேடையொன்றில் அவள் ஒரு தரம் கண் விழித்ததுண்டு. எனினும் முழுக் கோலாகலத்தோடு எழுந்தது அன்றுதான். கதையில் அவளை எழுப்பியவன் ராஜகுமாரன். லண்டனில் எழுப்பியவர் கணக்குப் போடுகிறவர். இதை நம் நண்பரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

சர்க்கார் பணம் கொடுக்கலாம். ஆனால் எதை எப்படி ஆடவேண்டும் என்று சொல்லக் கூடாது, நடுவில் ஒரு கௌன்சில் நிற்கவேண்டும் என்பது கெயின்ஸின் எண்ணம். நடுவில் யாரும் நில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் மைத்துனரே சாட்சி. லோபகோவாவின் சகோதரர் பியோதர் லோபுகோவ் ருஷ்யாவிலேயே தங்கியவர். அவர் அமைத்து, ஷோஸ்டகோவிச் இசை எழுதிய 'தெளிந்த ஓடை' என்ற பாலே 1935இல் பால்ஷாய் மேடையில் ஆடிற்று. 1936 பிப்ரவரியில் 'பிராவ்தா' பத்திரிகை அதைக் கண்டித்து எழுதியது, ஆட்டம் நின்றது, லோபுகோவ் பதவியிழந்தார். கதை எழுதுவதில் கூடவிருந்த பியோத்ரோவ்ஸ்கி அடுத்த வருஷம் சிறைப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1922இல் சோறு போட்டுக் காப்பாற்றிய கைதான் இதுவும். பால்ஷாய் பிழைத்ததைச் சொல்லுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

இங்கிலாந்தில் யாரும் யாரையும் சுடவில்லை. ஆனால் அங்கும் சஞ்சலம் ஒழிந்தபாடில்லை. இங்கிலாந்தின் தேசிய இசைநாடகக் குழுவுக்கு லண்டனில் கொலீஸியம் என்ற அரங்கம் இருக்கிறது; தேசிய பாலே குழுவும் வருஷந்தோறும் அங்கே வந்து ஆடுவது வழக்கம். 2022 நவம்பரில் ஆர்ட்ஸ் கௌன்சில் அந்த இசைநாடகக் குழுவை நிரந்தர மான்யப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. லண்டனை விட்டு வேறிடம் போனால் கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்லிற்று. கூக்குரல் கிளம்பியது. இரண்டு மாதம் கழித்து, இன்னும் ஒரு வருஷத்துக்கு மட்டும் பணம் என்றார்கள். தலைநகரத்தில் மட்டும் ஏன் குவியவேண்டும், மற்ற ஊர்களுக்கும் பங்கு போகட்டும் என்பது நியாயமான கேள்விதான். அதை ஐந்து வருஷத்துக்கு முன் சொல்லிவிட்டுச் செய்வதற்கும், நவம்பரில் சொல்லி ஏப்ரலில் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வாத்தியக்காரர்களைத்தான் கேட்கவேண்டும்.

நம் தேசத்திலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. அதுவும் பீட்டர்ஸ்பர்க் பள்ளியிலிருந்து முளைத்ததுதான். அங்கே பயின்ற அன்னா பாவ்லோவா 1923இல் லண்டனில் உதயசங்கரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு ராதா கிருஷ்ண நாட்டியம் ஆடினார். சில வருஷங்களுக்குப் பின் ஸ்ரீமதி ருக்மிணி தேவியைத் தம் சொந்த நாட்டு நாட்டியத்தின் பக்கம் திரும்பும்படி தூண்டியவரும் அவரே. உதயசங்கர் 1938இல் இமயமலைச் சாரலில் அல்மோராவில் கலை நிலையம் தொடங்கினார். முக்கியமாகப் பணம் கொடுத்தவர்கள் இங்கிலாந்திலிருந்த எல்ம்ஹிர்ஸ்டு தம்பதியர். சென்னையிலிருந்து நட்டுவனார் கந்தப்பா பிள்ளை போனார். கேரளத்திலிருந்து சங்கரன் நம்பூதிரி, மணிப்பூரிலிருந்து அமோபி சிங், சங்கீதத்துக்கு அலாவுதீன் கான். இப்படியொரு உபாத்தியாயர் வரிசை நம் தேசத்தில் ஒரே கூரையின்கீழ் அதற்குமுன் சேர்ந்ததுண்டா என்பது சந்தேகம். யுத்தம் வந்தது, பணம் நின்றது, 1944இல் நிலையத்தை மூடினார்கள். மாணவர்களில் ஒருவரான குரு தத் புனாவுக்குப் போய் சினிமாவில் சேர்ந்தார். உதயசங்கர் தம் கனவையெல்லாம் திரட்டிச் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' படமாக எடுத்து 1948இல் வெளியிட்டார். படம் இருக்கிறது. பள்ளி ஆறு வருஷந்தான் இருந்தது; ஒரு குழந்தை உள்ளே வந்து தேர்ந்து வெளியேற அது போதாது. சென்னையில் 1936இல் தோன்றிய கலாக்ஷேத்திரம் அவ்விதம் போகாமல், 1993இல் பார்லிமெண்டு சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்தாபனமாயிற்று.

ருஷ்யாவின் முடிவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 1939ஆம் வருஷத்து ஜனக்கணக்கில், ஒன்பது வயதுக்கு மேல் ஐம்பதுக்கு உட்பட்டவர்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 80க்கு மேலாகிவிட்டது. வாசகசாலைக்குப் பணம் கிடைத்தது, நாட்டியசாலையும் நின்றது. 1956இல் பால்ஷாய் பாலே முதன்முறையாக லண்டனுக்குப் போய்க் கோவண்ட் கார்டனில் ஆடியபோது, டிக்கெட்டுக்காக ஜனங்கள் இராப்பகலாக வீதியில் வரிசை நின்றார்கள். ஜூலியட்டாக ஆடிய உலானோவாவுக்கு அப்போது வயது 46.

மறுநாள் இடைவேளையில் இவ்வளவையும் நண்பரிடம் ஒப்பித்தோம். திருத்திக்கொண்டே கேட்டார். கெயின்ஸ் விஷயத்தில் மட்டும் லேசாகப் புன்னகை செய்தார். முடித்தபின், "மூடுகிறதாக இருந்தார்களே, அந்த வருஷம் அந்தப் பெண்ணுக்கு என்ன வயசு என்றீர்கள்?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு."

"ஏழாம் வகுப்பு" என்றார் கணக்காசிரியர். சற்று நேரம் சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த விடைத்தாளை எடுத்தார்.